விசிறியும் முறமும்

பெரியவளும் சின்னவனும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் வீட்டில் குளியலறை ஒன்றுதான்.

அதற்குப் போகும் நடைவழியில் ஒரு பக்கம் வாஷிங் மெஷின், மறுபக்கம் செருப்பு அலமாரி. ஒரு ஆள் தாராளமாகப் போகலாம். இரண்டு பேர் என்றால் யாராவது ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலை அவள் ஈரத் தலையோடு வெளியே வர, அவன் தோளில் துண்டோடு உள்ளே போக, நட்டநடுவில் முட்டிக்கொண்டார்கள். அவள் மெஷின் பக்கம் ஒதுங்கினாள். அவனும் மெஷின் பக்கமே ஒதுங்கினான். சட்டென்று அவள் அலமாரிப் பக்கம் சாய்ந்தாள். அவனும் சாய்ந்தான்.

"அம்மா, வழிய விடச் சொல்லும்மா" என்றாள் அவள், கூரையைப் பார்த்து.

"அம்மா, நான் ஒதுங்கற பக்கமே வந்து நிக்க வேண்டாம்னு சொல்லு" என்றான் அவன், தரையைப் பார்த்து.

"பெரியவளே, நீ முதல்ல போவியாம், தம்பி சொல்றான்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த கைக்கு இப்போது வீட்டுக்குள்ளேயே வேலை வந்துவிட்டது. ஒரு வித்தியாசம்: எக்ஸ்சேஞ்சில் பேசுவதை ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது விதி, இங்கே ஒட்டுக்கேட்டு, சீவி, சர்க்கரை தூவி அனுப்புவதுதான் விதி. 'அந்தத் தடியன்' என்று இந்த முனையில் போட்டால் மறுமுனையில் 'தம்பி' என்று விழும். அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சினியர். வீட்டில் நடப்பதெல்லாம் அவருக்குப் போனில் வரும்போது எல்லாமே நல்லபடியாகத்தான் இருக்கும்.

சண்டை சொத்துக்காக அல்ல. காற்றுக்காக.

செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தில் காற்றே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்டு. மிச்சம் மீதி போல, பேருக்குக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமே செயற்கைக்கோளை உரசி உரசிக் கீழே இழுத்துவிடும். சூரியன் ஒரு நாள் சீறிவிட்டால் கேட்கவே வேண்டாம்: அந்தக் காற்று சூடேறி, பொங்கி, அடர்த்தியாகி மேலே ஏறும். விண்வெளிப் புயல் என்று அதற்குப் பெயர். பெரியவள் முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருஷமாக அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய யோசனை எளிமையானது. எஞ்சின் இல்லாத குட்டிச் செயற்கைக்கோளால் ஒதுங்க முடியாது என்றுதான் உலகம் சொல்கிறது. ஏன் முடியாது? தகடு போன்ற அதன் உடம்பைத் திருப்பினால் போதுமே. காற்றுக்கு முகம் கொடுத்து மல்லாந்து கிடந்தால் உரசல் அதிகம். ஒருக்களித்துக்கொண்டால் உரசல் குறைவு. காற்றையே கைப்பிடியாக வைத்து ஓட்டலாம். புயலடிக்கும்போது இன்னும் நன்றாக ஓட்டலாம். இதற்காகவே அவளும் சக மாணவர்களும் சேர்ந்து செருப்புப்பெட்டி அளவில் ஒன்றைச் செய்து மேலே அனுப்பியிருந்தார்கள். இரண்டு பக்கமும் தகடு விரிந்திருப்பதால் அதற்கு 'விசிறி' என்று பெயர்.

சின்னவன் அக்காவைப் பார்த்தே அதே துறைக்கு வந்தவன். அதே ஆய்வுக்கூடத்தில் முதுநிலை சேர்ந்து, அவளுடைய கணக்கு நிரலில் பாதியை உட்கார்ந்து எழுதியவன். அப்படிப்பட்டவன் அவளுடைய இடைக்கால மதிப்பீட்டின்போது, வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் முன்வரிசையில் இருக்க, பின்வரிசையில் கையைத் தூக்கினான். புயல் வந்தால் இந்தக் கணக்கு நிற்குமா என்று கேட்டான். அவளிடம் பதில் இல்லை. நிபுணர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி அத்தியாயத்தை மறுபடி செய் என்று தீர்ப்பு வந்தது. ஒரு வருஷம் போனது. கேள்வி கேட்டவன் அடுத்த மாதமே ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குத் தாவி, அங்கே இதே வடிவத்தில் இன்னொரு செயற்கைக்கோளைச் செய்து மேலே அனுப்பினான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. பெரியவள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது: 'முறம்'.

அவளைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. தன் கணக்கை நம்பாத முதல் ஆள் தன் தம்பி.

அந்தத் திங்கட்கிழமை அவள் தலை காய்வதற்குள் போன் அதிர்ந்தது. விண்வெளியில் சுற்றுவதையெல்லாம் கண்காணிக்கும் மையத்திலிருந்து எச்சரிக்கை. படித்தாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை மதியம் விசிறியும் இன்னொரு செயற்கைக்கோளும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் கடக்கப் போகின்றன. சிக்னல் இல்லாத நாற்சந்தியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு லாரி வருவது மாதிரி. மோதும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்றாலே இந்தத் தொழிலில் தூக்கம் போய்விடும். இங்கே போட்டிருந்தது நூற்றில் மூன்று. அந்த இன்னொன்றின் பெயரைத் தேடித் திரையைக் கீழே நகர்த்தினாள். பார்த்தாள்.

முறம்.

கதவுக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய போனும் துண்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ இதே மாதிரி அதிர்ந்திருக்கும். கதவைத் தட்டியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்குக் 'கமா சார்' என்று பெயர். முந்நூறு பக்கம் எழுதிக் கொடுத்தாலும் கமாவை மட்டும் திருத்தித் திருப்பிக் கொடுப்பார். கெட்ட மனிதர் இல்லை. எதையும் முடிக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். எச்சரிக்கையை இரண்டு முறை படித்தார். மையத்தின் பட்டியலில் இரண்டுமே 'நகர முடியாதவை' என்ற தலைப்பின் கீழ் இருந்தன. ஆகையால் மையத்தின் ஆலோசனை: ஒன்றும் செய்வதற்கில்லை, பார்த்துக்கொண்டிருங்கள்.

"ஒன்னும் செய்ய முடியாதா?" என்று சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீ அஞ்சு வருஷமா என்னத்த எழுதிட்டிருக்க?"

அவர் இவ்வளவு நேராகப் பேசி அவள் கேட்டதில்லை. விசிறியை மல்லாத்திவிடலாம் என்றாள். சூரியனில் நேற்றே ஒரு சீற்றம் கிளம்பியிருந்தது. காற்று உப்பத் தொடங்கிவிட்டது. இந்தக் காற்றில் மல்லாந்து கிடந்தால் விசிறி கீழே இறங்கும். இறங்கினால் வேகம் கூடும். பிரேக் போட்டால் வண்டி வேகமாக ஓடும் விசித்திரம் அங்கே மட்டும்தான். நாற்சந்திக்குச் சில விநாடி முன்னாலேயே வந்து கடந்துவிடும். முறம் வரும்போது சந்தி காலி.

விலை உண்டு. புயலில் மல்லாந்தால் விசிறியின் ஆயுள் சரசரவென்று கரையும். மாதக்கணக்கில் சுற்ற வேண்டியது வாரக்கணக்கில் எரிந்து விழும். அவளுடைய கடைசி அத்தியாயத்துக்கு வேண்டிய அளவைகள் பாதியிலேயே நின்றுவிடலாம். மோதினால் அதுவும் இல்லை. அந்த உயரம் முழுக்கச் சிதறலாகிவிடும். எவனெவனுடைய செயற்கைக்கோளையோ போய்த் துளைக்கும்.

அந்தக் கல்லூரிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று ஒரு சக மாணவி கேட்டாள். சார் முகத்தைச் சுளித்தார். தம்பி தாவிய நாளிலிருந்து இரண்டு ஆய்வுக்கூடத்துக்கும் ஆகாது. நம்முடையதுதான் நகரப் போகிறது, அவர்களுடையது சும்மா வரப் போகிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார். முறமும் திரும்பக் கூடியதுதான் என்பது பெரியவளுக்குத் தெரியும். ஆனால் திருப்ப வேண்டும் என்றால் அவளுடைய கணக்கை நம்ப வேண்டும். அவன் நம்புவானா? தலைகீழாக நின்றாலும் மாட்டான். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

விசிறி காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தலைக்கு மேல் போகும். அந்தச் சில நிமிஷங்களில்தான் கட்டளை அனுப்ப முடியும். திங்கள் மாலை மொட்டைமாடி ஆன்டெனா அதைத் துரத்தித் திரும்ப, கட்டளை போனது. விசிறி மல்லாந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் புயல் வலுத்தது. மாலையில் மையத்தின் புதுக் கணிப்பு வந்தது. எல்லோரும் அவளுடைய திரையைச் சுற்றி நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போனது: சிவப்புக் கட்டத்தில் இருக்கும் அபாய எண்.

நூற்றில் மூன்று. அசையவே இல்லை.

ஐந்து வருஷக் கணக்கின்படி அந்த எண் இந்நேரம் பூஜ்யமாகியிருக்க வேண்டும். கூடுதலாகக் கணித்திருக்கலாம், குறைவாகக் கணித்திருக்கலாம். ஒன்றுமே ஆகாமல் இருக்கலாமா? பின்வரிசைக் குரல் காதில் கேட்டது. புயல் வந்தால் நிற்குமா?

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் சின்னவன் எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் முகமும் பேயறைந்த மாதிரிதான் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவன் நிமிர்ந்தபோது சிரிக்கிறானோ என்று மட்டும் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஏதோ கேட்க வந்தவன் மாதிரி வாயைத் திறந்து, தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? கப்பல் கவுந்த மாதிரி இருக்கீங்க" என்றாள் அம்மா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கப்பல்காரர் வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை.

புதன் காலை கமா சார் ஒரு யோசனை சொன்னார். புயலில் மல்லாத்தியதுதான் தப்போ? காற்று கண்டபடி அடித்துக் கணக்கைக் கலைக்கிறதோ? ஒருக்களித்துவிடு. உரசல் குறைந்தால் சந்திக்கு லேட்டாகப் போய்ச் சேரும். முன்னால் போய்த் தப்ப முடியாவிட்டால் பின்னால் போய்த் தப்புவோம். அவளுடைய நிரலில் போட்டுப் பார்த்தாள். நிரலும் சரி என்றது. காலைச் சுற்றில் கட்டளை போனது. விசிறி ஒருக்களித்தது.

மதியம் புதுக் கணிப்பு.

நூற்றில் மூன்று.

இந்தத் தடவை யாரும் அவள் திரையைச் சுற்றி நிற்கவில்லை. அவரவர் வேலையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிடக் கொடுமை இல்லை. ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள், மூடினாள். முறத்தின் மேல் விசிறி மோதி அவளுடைய ஐந்து வருஷம் பொடிப்பொடியாவதை நாளை மதியம் உலகமே பார்க்கும். பின்வரிசைக்காரனுக்குப் பதில் கிடைத்துவிடும்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் மூன்று கணிப்புகளையும் வரிசையாகத் திரையில் பரப்பினாள். சிவப்புக் கட்டத்தைப் பார்க்க வெறுப்பாக இருந்ததால் அதைக் கையால் மறைத்துக்கொண்டாள். கட்டம் மறைந்ததும் பக்கத்தில் இருந்த, யாரும் சீந்தாத ஒரு வரி கண்ணில் பட்டது. சந்திப்பு நேரம்.

முதல் கணிப்பில் ஒரு நேரம். இரண்டாவதில் அதைவிடச் சில விநாடி முன்னால். மூன்றாவதில் மறுபடி பின்னால்.

கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

மல்லாத்தியதும் முன்னால் வந்திருக்கிறது. சரி, அதைப் புயலின் கணக்கில் எழுதலாம். காற்று தடித்தால் இரண்டுமே கொஞ்சம் வேகம் பிடிக்கும். ஆனால் ஒருக்களித்ததும் பின்னால் போயிருக்கிறதே. புயல் நேற்றைவிட இன்று பலம். புயலின் வேலையென்றால் இன்னும் முன்னால் அல்லவா வந்திருக்க வேண்டும்? அப்படியானால் விசிறி அவள் சொன்னபடி ஆடியிருக்கிறது. முன்னால் போ என்றால் போயிருக்கிறது, பின்னால் போ என்றால் போயிருக்கிறது. கணக்கு நின்றிருக்கிறது. அப்புறம் ஏன் மோதல் தப்பவில்லை?

கூடவே இன்னொன்றும் ஆடியிருக்கிறது. அதே பக்கம். அதே நேரம்.

முறத்தின் பாதையை எடுத்து விசிறியின் பாதைக்கு மேல் வைத்தாள். ஒன்றின் நிழல் மாதிரி இன்னொன்று. செவ்வாய் முழுக்கச் செங்குத்தாக இறங்கி, புதனில் சாய்வு தணிந்து. ஒரே எச்சரிக்கை இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது. ஒரே நிரலில் இரண்டு பேரும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நிரல் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது. இந்த உலகத்தில் அந்த நிரலை வைத்திருப்பது இரண்டே பேர்.

தலைகீழாக நின்றாலும் நம்பமாட்டான் என்று எவனை நினைத்தாளோ, அவன் புத்தம்புது முறத்தை அவள் கணக்கை நம்பிப் புயலில் மல்லாத்தியிருக்கிறான்.

அதை நினைத்து உருக அப்புறம் நேரம் பார்த்துக்கொள்ளலாம். சின்னவனும் இப்போது மூன்றாவது திட்டம் போட்டுக்கொண்டிருப்பான். ஒருக்களித்துப் பயனில்லை, மறுபடி மல்லாத்து. அவளுடைய நிரலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இன்று மாலைதான் கடைசிச் சுற்று. முதலில் முறம் போகும், கொஞ்ச நேரத்தில் விசிறி. இரண்டும் மறுபடி மல்லாந்தால் நாளை மதியம் கதை முடிந்தது.

போனை எடுத்தாள். அவனுடைய எண்ணை அவள் தடுத்து வைத்து வருஷமாகிறது. தடையை எடுத்துவிட்டுக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. அவன் பக்கமும் தடை இருக்கும். அக்காவுக்குத் தப்பாத தம்பி. வீட்டுக்குப் போட்டாள்.

"அம்மா, உன் செல்லுல இருந்து அவனைக் கூப்பிடு. இந்த லைன வெச்சிடாத."

"யாரைடி?"

"உன் பையனைத்தான்."

மறுமுனையில் முப்பது வருஷப் பழக்கம் விழித்துக்கொண்டது. "லைன்ல இருங்க" என்றாள் அம்மா, சுத்தமான ஆபரேட்டர் குரலில்.

அம்மாவுக்கு லேண்ட்லைன் ரிசீவர் ஒரு காதில், செல் மறுகாதில். அவன் எடுத்துவிட்டான் என்பது அம்மாவின் குரல் குழைந்ததில் தெரிந்தது.

"கேளும்மா, முறத்தை அவன் திருப்பினானா இல்லையா?" என்றாள் பெரியவள்.

"தம்பி, சாப்பிட்டியான்னு அக்கா கேக்குறா."

"அம்மா, சத்தியமா அதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்ல. நான் சொல்றத அப்படியே சொல்லு."

"சின்னவனே, அக்காவுக்கு உன்கிட்ட ஏதோ முக்கியமா..." அம்மா நிறுத்தினாள். எதை வெட்டுவது, எதைத் தூவுவது என்று தெரியவில்லை. திருப்பியது, முறம், மல்லாத்தல் எதுவும் அவளுக்குப் புரியவில்லை. புரியாததை இனிப்பாக்க முடியாது. கடைசியில் செல்லை ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் ரிசீவருக்கு முகத்துக்கு முகம் வைத்தாள். "நீங்களே பேசிக்கங்க. எனக்கு அடுப்புல வேல இருக்கு."

அடுப்பு அணைந்துதான் இருந்தது.



"திருப்பினியா?" என்றாள் பெரியவள்.

"எதுக்குக் கேக்குற?"

"டேய், திருப்பினியா இல்லையா?"

"திருப்பினேன். ரெண்டு தடவ. ரெண்டு தடவயும் வேல செய்யல." குரல் உடைந்திருந்தது. "எங்க கைடு மாநாட்டுக்குப் போயிருக்காரு. பொறுப்ப என் தலைல கட்டிட்டுப் போயிட்டாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

"வேல செஞ்சுது. நானும் திருப்பினேன். ரெண்டு தடவ. அதே சுத்துல."

அவன் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம். நாற்காலியாக இருக்கும். அப்புறம் விசைப்பலகை தட்டும் ஒலி. சந்திப்பு நேரத்தைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாக, "ஐயோ" என்றான்.

"யார் கணக்க வெச்சுத் திருப்பின?"

"உன்னுதுதான். வேற யாரு எழுதியிருக்கா?"

"புயல் வந்தா நிக்குமான்னு அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி கேட்டியே."

"நிக்கல, அதான் கேட்டேன். முந்தின நாள் ராத்திரிதான் கண்டுபிடிச்சேன். உன் ரூமுக்கு வந்து சொல்ல வந்தேன், மதிப்பீடு முடியிற வரைக்கும் யாரும் பேசாதீங்கன்னு கதவச் சாத்திட்ட. அங்க வெச்சுக் கேட்டிருக்கக் கூடாது. தெரியும்." நிறுத்தி, மூக்கை உறிஞ்சினான். "அப்புறம் நீ திருத்தி எழுதினியே, ரெண்டாவது தடவ, அது நிக்குது. சாப்பாட்டு மேசைல வெச்சுட்டு வெச்சுட்டுப் போவியே, ஒவ்வொரு பக்கமா படிச்சேன். அத வெச்சுத்தான் திருப்பினேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தத் தாள்களில் தண்ணீர் டம்ளரின் வட்டம் பதிந்திருந்ததற்கு அம்மாவைத் திட்டியது நினைவுக்கு வந்தது.

"சரி. இப்ப கேளு. ரெண்டுல ஒன்னு மல்லாந்து கிடக்கணும், ஒன்னு ஒருக்களிச்சே இருக்கணும்."

"நான் மல்லாத்துறேன். உனக்கு டேட்டா வேணும். நீ பட்டம் வாங்கணும்."

"உன்னுது மேல போய் ஆறு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள எரிச்சுடுவியா?"

"என்னால ஒரு வருஷம் போச்சுல்ல உனக்கு."

"அந்த வருஷத்துலதான்டா கணக்கு நின்னுச்சு" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. "வாதாட நேரம் இல்ல. முறம் எப்ப வருது?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல."

"இப்ப அது ஒருக்களிச்சு இருக்குல்ல? அப்படியே விடு. ஒரு கட்டளையும் அனுப்பாத. கையக் கட்டிட்டு உக்காரு. விசிறிய நான் மல்லாத்துறேன். புரிஞ்சுதா?"

"அக்கா..."

"சும்மா இருன்னா சும்மா இருக்கணும். பெரியவ நான்."

லைன் அறுந்தது. அவன் வைத்தானா, மேசையில் எதுவும் தட்டிவிட்டதா, தெரியவில்லை. அவன் சரி என்று சொல்லி அவள் கேட்கவில்லை.

மறுபடி கூப்பிட்டாள். அவன் போன் எங்கேஜ். அம்மாவுடையதும் எங்கேஜ். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ. கடிகாரத்தைப் பார்த்தாள். முறம் இந்நேரம் அவன் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

கமா சார் பின்னால் வந்து நின்றார். அவள் திரையில் இருந்த இரண்டு பாதைகளையும் காட்டினாள். விளக்கவே தேவைப்படவில்லை. மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு, அவன் சும்மா இருப்பான் என்பது நிச்சயமா என்று கேட்டார்.

நிச்சயமா? அவனை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவள் கீழே தள்ளிய ஜாடிக்கு அடி வாங்கியவன். விட்டுக்கொடுப்பதாக இருந்தால் கடைசி நிமிஷத்தில் யாரிடமும் சொல்லாமல் விட்டுக்கொடுப்பவன். போனை வைத்துவிட்டு, 'பெரியவள் கிடக்கிறாள்' என்று முறத்தை மல்லாத்திவிட்டால்? அப்போது விசிறி ஒருக்களித்தே இருப்பதுதான் சரி. இல்லை, அவள் இப்படி யோசிப்பாள் என்று அவனும் யோசித்திருந்தால்? இரண்டு நாளாக இதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள். நடைவழியில், விண்வெளியில், எல்லா இடத்திலும். அடுத்தவர் எந்தப் பக்கம் போவார் என்று ஊகித்து ஊகித்து ஒரே பக்கம் போய் முட்டிக்கொள்வது.

மொட்டைமாடியில் ஆன்டெனா முனகிக்கொண்டு தெற்கே திரும்பத் தொடங்கியது. விசிறியின் சிக்னல் கரகரத்துக் காதில் விழுந்தது. அனுப்புவதற்கு இருப்பது இந்தச் சில நிமிஷங்கள்தான்.

"அடுத்த கணிப்பு வரட்டும், பார்த்துட்டு..." என்று ஆரம்பித்தார் சார். உடனே தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த கணிப்பு வரும்போது விசிறி உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும். "நீயே முடிவு பண்ணும்மா."

ஊகிப்பதை நிறுத்தினாள். சும்மா இரு என்று சொல்லியாகிவிட்டது. சொன்னதை அவன் கேட்டான் என்று எடுத்துக்கொள்வதைத் தவிர இனி வேறு கணக்கு இல்லை.

அனுப்பு பொத்தானை அழுத்தினாள். விசிறி மல்லாந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் போன் அதிர்ந்தது. மையம் அல்ல. சின்னவன். யாரையோ எடுக்கச் சொல்லி ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தான்: அவன் ஆய்வுக்கூட நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஊசி போட டாக்டரிடம் போகும்போது உட்காருவானே, அதே மாதிரி. பின்னால் இருந்த திரையில் முறம் தொடுவானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

வியாழன் காலை மையத்தின் கணிப்பு வந்தபோது அவள் முதலில் சந்திப்பு நேரத்தைத்தான் பார்த்தாள். அந்த வரியே காலியாக இருந்தது. சந்திப்பு என்று ஒன்று இல்லை. விசிறி முன்னால் போய்விட்டது; முறம் நிதானமாகப் பின்னால் வந்தது. நடுவில் ஒரு ஊரே போகலாம்.

விசிறி அதிக நாள் தாங்கவில்லை. அந்தப் புயலில் உரசிய உரசலில் சில வாரங்களில் கீழே இறங்கி, ஏதோ ஒரு கடலுக்கு மேல் எரிந்துபோனது. அப்பாவின் கப்பல் அங்கே இருந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அம்மா ஆதங்கப்பட்டாள். பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதாள். ஐந்து வருஷம் தொட்டு வளர்த்த பொருள். அழுது முடித்து வெளியே வந்தாள், கடைசி அத்தியாயம் எழுத.

எழுத உட்கார்ந்தபோதுதான் கையில் இருப்பது என்ன என்று உறைத்தது. ஒரே வடிவம், ஒரே புயல், ஒரே உயரம். ஒன்று மல்லாந்து, ஒன்று ஒருக்களித்து. புயலில் கணக்கு நிற்கும் என்று காட்ட இதைவிட நல்ல சோதனையை யாரும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. ஆனால் பாதிதான் அவளிடம் இருந்தது. மறுபாதி முறத்தினுடையது.

கேட்க வேண்டும். பழக்க தோஷம், "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். "முறத்தோட டேட்டா வேணும்னு அவன்கிட்ட சொல்லும்மா."

கூடத்தில் நகம் வெட்டிக்கொண்டிருந்த சின்னவன் தலையை நிமிர்த்தவில்லை. உதடு மட்டும் துடித்தது. "அம்மா, நேத்தே மெயில்ல அனுப்பிட்டேன், கண்ணத் திறந்து பாக்கச் சொல்லு. கட்டுரைல என் பேரு ரெண்டாவதா வரணும்னும் சொல்லு. மதிப்பீட்டுக்கு நான் வருவேன், பின்வரிசைலதான் உக்காருவேன், கேள்வி இருந்தா கேப்பேன்னும் சொல்லு."

"கேக்கச் சொல்லும்மா. இந்தத் தடவ பதில் இருக்கு."

சமையலறையிலிருந்து கரண்டியை மேடைமேல் வைக்கும் ஒலி கேட்டது.

"எக்ஸ்சேஞ்ச மூடியாச்சு" என்றாள் அம்மா. "நான் ஓய்வு வாங்கிட்டேன். நேராப் பேசிக்கங்க."